பத்தாம் நம்பர் சாக்கெட்

வெர்னன் ஹாட்ச் போன் செய்தபோது மணி ஆறரை.
அரிசோனாவில் அது ஏற்கெனவே வெயில்.
"டிரக் கிளம்பவில்லை" என்றார்.
எலி என்ற சொல்லை எடுக்கவில்லை.
யாரும் முதலில் எடுப்பதில்லை,
வைத்தியரிடம் மூலத்தைச் சொல்லக் கூசுவதுபோல.

ஆஹோவைத் தாண்டி மண்சாலை.
முகமூடி, கையுறை, நீளக் குறடு.
பானெட்டைத் தூக்கினால்
என்ஜின்மேல் ஒரு வீடு.
வாசலுக்குத் தாவும் கள்ளியின் முள்துண்டுகள்,
சுவருக்குக் காய்ந்த நாய்ப் பீ,
மெத்தைக்கு அவர் சீட்டிலிருந்தே உருவிய பஞ்சு.
அந்தக் கள்ளி என் கையுறையைத் தாண்டி இறங்கும்;
அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறது எலி.
எப்படி என்று கேட்காதீர்கள்.
பதினான்கு வருடமாய் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வயர்கள் செம்புவரை உரிந்து கிடந்தன.
பசியில்லை.
பல் வளர்ந்துகொண்டே இருக்கிறது,
அது என்ன செய்யும்?

"இது கிளை அலுவலகம்" என்றேன்.
"தலைமையகம் எங்கே?"

கொல்லையில் சீமைக்கருவேலம்
(இங்கே அதற்குச் சீமை என்ற அடைமொழி இல்லை,
இது அதன் சொந்த மண்).
அடியில் சக்கரம் கழன்ற பியூக்.
அதன்மேல் சாய்ந்து, என் இடுப்பளவு குச்சிக் குவியல்.

எலி வளையானாலும் தனி வளை.
இத்தனை பெரிய மாளிகைக்கு ஒரே ஒரு எலி.
அழையாமல் வருபவை:
தேள், ரத்தம் குடிக்கும் முத்தப்பூச்சி,
ஒருமுறை கிலுகிலுப்பைப் பாம்பு.
அது செத்தால் அடுத்தது குடிவரும்,
பத்திரப்பதிவு இல்லாமல்.
மலைக்குகைகளில் மூத்திரம் பிசினாக இறுகி
ஆயிரமாயிரம் வருடத்து இலைகளைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறதாம்.
அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து சுத்தியலோடு வருவார்கள்.
கொல்லையில் இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

கூட்டைப் பிரிக்கையில் வீட்டுக்காரர் அருகில் நிற்கக் கூடாது,
இது என் விதி.
வெர்னன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார்.

பீர் மூடிகள். பாதிப் பல்செட்.
"அது என்னுடையதில்லை" என்றார் அவசரமாக.
நாயின் கழுத்து வில்லை.
பிறகு, கள்ளிகளுக்கு நடுவே,
குரோம் பூசிய சிறு உருளை.
ஊதினேன். பத்து என்று இருந்தது.

"யூசெபியோ" என்றார்.

யூசெபியோ மனைவியின் தம்பி.
இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே சாக்கெட் பெட்டி.
பதினோரு வருடம் முன்பு அதில் ஒன்று குறைந்தது.
முதல் நாள் கேள்வி.
இரண்டாம் நாள் வசவு.
மூன்றாம் நாள் பட்டறையின் நடுவில் சாக்பீஸ் கோடு.
பிறகு அவன் யூமாவுக்குப் போய்விட்டான்.
நோராவைப் புதைத்தபோது
குழிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"சாக்கெட் இருந்த இடத்தில்" என்று தொடங்கி
வெர்னன் வெகுநேரம் நிறுத்தினார்.
"ஒரு கள்ளித்துண்டு கிடந்தது.
நக்கலுக்கு வைத்தான் என்று நினைத்தேன்."

நான் சொல்ல வேண்டியிருந்தது.
அதன் வாய் ஒரு சுமைக்குத்தான்.
மினுங்குவது எதிர்ப்பட்டால்
சுமந்ததைப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளும்.
அதன் கணக்கில் அது திருட்டில்லை.
விலை கொடுத்து வாங்கியது.

அவர் சிரிக்கவில்லை.
என் குறட்டை வாங்கி
கள்ளித்துண்டு ஒன்றைக் கவனமாய் எடுத்து
காப்பி டப்பாவுக்குள் போட்டார்.
சாக்கெட்டையும் போட்டார்.
பிறகு சாக்கெட்டை மட்டும் வெளியே எடுத்தார்.

"வயர் மாற்றப் பேட்டரியைக் கழற்ற வேண்டும்" என்றார்,
"அதற்குப் பத்துதான் வேண்டும்."

நூற்றெண்பது டாலர் பில்லை வைப்பர் இடுக்கில் செருகினேன்.
ராத்திரி பானெட்டைத் திறந்தே வையுங்கள்,
இருட்டு இல்லாவிட்டால் அது குடியேறாது என்றேன்.
அவர் குனிந்திருந்தார்.
சாக்கெட் திரும்பும் கிரிக் கிரிக் சத்தம்.
யூமா எத்தனை மைல் என்று அவர் கேட்கவில்லை.

என் வண்டி வந்து ஒரு மணிநேரம்தான் ஆகியிருந்தது.
ஆனாலும்
பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினேன்.